கம்ப்யூட்டர் கடிகாரம்: 'நேரம்' என்ற ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள்?

கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது தவறான நேரத்தைக் காட்டினால் நாம் என்ன செய்வோம்? சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்புவது போல, மணியையும் நிமிடத்தையும் மாற்றிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவோம். திரையில் சரியான நேரம் வந்துவிடும். ஆனால் அன்று மாலையே நண்பர் போன் செய்வார். "நீங்கள் அனுப்பிய இமெயிலில் நாளைய தேதி இருக்கிறதே!" என்பார்.

இங்கே கடிகாரம் பழுதாகவில்லை. கம்ப்யூட்டர் 'டைம்' என்று சொன்னதை நாம் ஒரு பொருளில் எடுத்துக்கொண்டோம். அது வேறொரு பொருளில் சொன்னது. கம்ப்யூட்டருடன் வரும் உதவிக் குறிப்புகளிலும், செட்டிங்ஸ் பகுதியிலும் 'டைம்' என்ற சொல் பல பொருள்களில் கலந்து வருகிறது. அந்தச் சொற்களைப் பிரித்துப் புரிந்துகொண்டால், கடிகாரம் தொடர்பான பிரச்னைகளில் பெரும்பாலானவற்றை நீங்களே தீர்த்துவிடலாம். இது வெறும் பாடமில்லை என்பதற்கு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே நடந்த ஓர் உண்மைக் கதையும் இருக்கிறது.

மூன்று பொருள்கள்

முதல் பொருள், கடிகாரம் காட்டும் நேரம். காலை 10 மணி, இரவு 8 மணி என்று நாம் சொல்வது இதைத்தான். ஊருக்கு ஊர் இது மாறும்.

இரண்டாவது, நேர மண்டலம். இதை 'டைம் ஸோன்' என்பார்கள். இது நேரமே அல்ல, ஒரு விதி. "உலகப் பொது நேரத்துடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்" என்பது இந்தியாவுக்கான விதி.

மூன்றாவது, கணம். ஒரு நிகழ்ச்சி நடந்த அந்த நொடி. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போடுகிறது என்றால், அந்த நொடி சென்னைக்கும் கொழும்புக்கும் லண்டனுக்கும் ஒன்றுதான். அதற்கு ஒவ்வோர் ஊரும் சொல்லும் மணிதான் வேறு.

தூத்துக்குடிக் கரையில் இருப்பவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்கும் முந்தைய தலைமுறைகளில், படகுகள் நள்ளிரவில் கரையை விட்டுப் புறப்பட்டு விடியும்போது முத்துப் பார்களை அடையும். குளிப்பைத் தொடங்க வெடிச்சத்தம் கொடுத்து அடையாளம் காட்டும் வழக்கம் இருந்தது. எந்தப் படகிலும் கடிகாரம் தேவையில்லை. வெடி கேட்ட கணம் எல்லாருக்கும் பொது. கம்ப்யூட்டர் தன் உள்ளே வைத்திருப்பது இந்த மாதிரிக் கணத்தைத்தான். திரையில் தெரியும் மணி, அந்தக் கணத்தின் மேல் நேர மண்டல விதியைப் போட்டுக் கணக்கிட்ட விடை.

ஆகவே விதி தவறாக இருக்கும்போது நீங்கள் விடையை மட்டும் திருத்தினால், கம்ப்யூட்டர் கணத்தையே மாற்றி எழுதிவிடும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். விண்டோஸ் நிறுவும்போது அமெரிக்காவின் 'பசிபிக் டைம்' தேர்வாகி, அப்படியே விடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மண்டலத்தை மாற்றாமல் கடிகாரத்தை மட்டும் காலை 10 என்று வைக்கிறீர்கள். கம்ப்யூட்டர் என்ன புரிந்துகொள்ளும்? "கலிபோர்னியாவில் இப்போது காலை 10" என்று புரிந்துகொள்ளும். கலிபோர்னியாவில் குளிர்காலத்தில் காலை 10 என்றால் நமக்கு இரவு 11.30. நீங்கள் அனுப்பும் இமெயில், பதின்மூன்றரை மணி நேரம் கழித்து அனுப்பியதாகப் பதிவாகும். மாலையில் அனுப்பினால் அடுத்த நாள் தேதியே விழும்.

கொழும்பில் மாறிய அரை மணி

இப்போது அந்தக் கதைக்கு வருவோம். இந்தியாவும் இலங்கையும் 1906-ல் தான் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்ற ஒரே கணக்குக்கு வந்தன. வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட, சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியதும் அதே 1906-ல் தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரண்டு நாடுகளும் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தன. போர் முடிந்த பின் பழைய கணக்குக்குத் திரும்பின.

1996-ல் இலங்கையில் கடும் மின்தட்டுப்பாடு ஏற்பட்டது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்த, அந்த ஆண்டு மே 25-ல் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதாவது கூட்டல் ஆறரை. அக்டோபர் 26-ல் அரை மணி குறைத்துக் கூட்டல் ஆறு ஆக்கினார்கள். அதே ஏற்பாடு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய ஐந்தரைக் கணக்கையே வைத்திருந்தார்கள். ஒரே தீவில் இரண்டு நேரம்! பிறகு 2006 ஏப்ரல் 15 அதிகாலை 12.30 மணிக்கு இலங்கை மறுபடியும் கூட்டல் ஐந்தரைக்குத் திரும்பியது. கடிகாரங்களை 12.00 என்று பின்னே வைத்தார்கள்.

சுவர்க் கடிகாரத்துக்கு முள்ளைத் திருப்பினால் போதும். கம்ப்யூட்டருக்கு என்ன செய்வது?

அப்போது வீடுகளில் அதிகம் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அதன் நேர மண்டலப் பட்டியலில் இந்தியாவுக்கு 'ஜி.எம்.டி.+05:30 சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி' என்று இருந்தது. இலங்கைக்கு 'ஜி.எம்.டி.+06:00 ஸ்ரீ ஜெயவர்தனபுர' என்று தனி வரி. கொழும்பு என்று தேடியவருக்கு அந்தப் பெயர் கிடைக்காது. ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டை இலங்கையின் அதிகாரபூர்வத் தலைநகர் என்பது தெரிந்தவருக்குத்தான் அந்த வரி புரியும். நாடு நேரத்தை மாற்றியதும் அந்த '+06:00' பொய்யாகிவிட்டது. மைக்ரோசாப்ட் பின்னர் அதை '+05:30' என்று திருத்தி வெளியிட்டது. ஆனால் அந்தத் திருத்தம் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தானாகப் போய்ச் சேராது. இண்டர்நெட் இணைப்பே இல்லாத கம்ப்யூட்டர்கள் ஏராளமாக இருந்த காலம் அது.

அந்த நிலையில் ஒருவருக்கு இருந்த வழிகள் மூன்று. ஒன்று, திருத்தத்தை நிறுவுவது. இரண்டு, பட்டியலில் சென்னை இருக்கும் வரியைத் தேர்வு செய்வது. இரண்டும் ஐந்தரை என்பதால் கடிகாரம் சரியாகிவிடும். மூன்று, மண்டலத்தைத் தொடாமல் கடிகாரத்தை மட்டும் அரை மணி பின்னே வைப்பது. மூன்றாவது வழிதான் எளிதாகத் தெரியும். அதுதான் தவறான வழி. அப்படிச் செய்த கம்ப்யூட்டரிலிருந்து போகும் ஒவ்வொரு இமெயிலும் உண்மையான கணத்துக்கு அரை மணி முன்பே அனுப்பப்பட்டதாகக் காட்டும்.

தூத்துக்குடிக்கு இது அயலார் கதை அல்ல. இங்கிருந்து போகும் கன்டெய்னர்கள் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுவது வழக்கம். கொழும்பில் ஒருவர் "காலை 10 மணிக்குள் ஆவணம் வேண்டும்" என்று எழுதினால், அந்தப் பத்து ஆண்டுகளில் அது தூத்துக்குடிக்குக் காலை 9.30. யாருடைய 10 மணி என்று எழுதாவிட்டால் அரை மணி நேரம் காணாமல் போகும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிளாப்பி டிஸ்க்கிலும் பல பென் டிரைவ்களிலும் உள்ள 'பேட்' என்ற பைல் முறை, கடிகாரம் காட்டிய நேரத்தை அப்படியே எழுதிவைக்கும். ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் பயன்படுத்தும் 'என்.டி.எப்.எஸ்.' முறையோ உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். 2005-ல் கொழும்பில் காலை 10 மணிக்குச் சேமித்த ஒரு பைலை பிளாப்பியில் கொண்டுவந்து தூத்துக்குடியில் பார்த்தால் 10.00 என்றே காட்டும். அதே பைல் என்.டி.எப்.எஸ். ஹார்ட் டிஸ்க்கில் வந்திருந்தால் 9.30 என்று காட்டும். இரண்டும் பிழையில்லை. ஒன்று கடிகாரத்தைச் சொல்கிறது. மற்றது கணத்தைச் சொல்கிறது. ஆனால் திரையில் இரண்டின் தலைப்பும் ஒன்றே: 'டேட் மாடிபைடு'.

எழுத்துச் சுருக்கங்கள் செய்யும் குழப்பம்

பொது நேரம், மண்டலம் என்று சொல்லும்போதெல்லாம் சில சுருக்கங்கள் வருகின்றன. அவற்றை ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

ஜி.எம்.டி. என்பது கிரீன்விச் சராசரி நேரம். லண்டனில் உள்ள கிரீன்விச் வானாய்வகத்தை வைத்து ஏற்பட்டது. யு.டி.சி. என்பது இன்று உலகம் பயன்படுத்தும் பொது நேரம். இது அணுக் கடிகாரங்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஆங்கிலச் சொல்வரிசைப்படி பார்த்தால் சி.யு.டி. என்று வந்திருக்க வேண்டும். பிரெஞ்சு வரிசைப்படி டி.யு.சி. யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று இரண்டுமில்லாத யு.டி.சி. என்று வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அந்தச் சுருக்கத்தை எழுத்து எழுத்தாக விரித்துப் பார்த்தால் ஒழுங்காக வருவதில்லை.

வீட்டு உபயோகத்துக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் ஒரு நொடிக்கும் குறைவு. ஆனால் ஜி.எம்.டி. என்ற பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. அது பிரிட்டனின் குளிர்கால நேரத்துக்கும் பெயர். கோடைக்காலத்தில் லண்டன் கடிகாரம் ஜி.எம்.டி.யை விட ஒரு மணி முன்னே இருக்கும். 'ஜி.எம்.டி.+05:30' என்று பார்த்தவர் ஜூலை மாதத்திலும் "லண்டனுக்கும் நமக்கும் ஐந்தரை மணி வித்தியாசம்" என்று கணக்குப் போட்டால் தவறிப்போகும். அப்போது நாலரை மணிதான். விண்டோஸ் 7 முதல் பட்டியலில் ஜி.எம்.டி.க்குப் பதிலாக யு.டி.சி. என்று எழுதத் தொடங்கினார்கள். ஒரு சொல்லை மாற்றியதில் ஒரு குழப்பம் தீர்ந்தது.

அடுத்தது ஐ.எஸ்.டி. நமக்கு இது இந்திய நிலை நேரம். இஸ்ரேல்காரருக்கு இஸ்ரேல் நிலை நேரம். அயர்லாந்துக்காரருக்கு ஐரிஷ் நிலை நேரம். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே மூன்றெழுத்து. வெளிநாட்டில் உள்ள கம்பெனி "நேர்காணல் 3 மணி, ஐ.எஸ்.டி." என்று எழுதியிருந்தால், எந்த ஐ.எஸ்.டி. என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். டெலிபோன் பூத் பலகைகளில் எழுதியிருந்த ஐ.எஸ்.டி.யும் இதே எழுத்துத்தான்! யு.டி.சி. என்றாலோ, அரசு அலுவலகத்தில் இருப்பவருக்கு மேல்நிலை எழுத்தர்தான் நினைவுக்கு வருவார். ஆகவே தமிழில் எழுதும்போது சுருக்கத்தை விட்டுவிட்டு 'இந்திய நேரம்', 'உலகப் பொது நேரம்' என்று எழுதுவதே தெளிவு.

கப்பல்காரர்களின் இமெயில்களில் 'எல்.டி.' என்றும் 'இஸட்' என்றும் பார்க்கலாம். எல்.டி. என்றால் அந்தத் துறைமுகத்தின் உள்ளூர் நேரம். இஸட் என்றால் உலகப் பொது நேரம். 0600 இஸட் என்றால் தூத்துக்குடியில் முற்பகல் 11.30. கப்பலில் வேலை பார்க்கும் மகனோ தம்பியோ உள்ள வீட்டினர் இந்த ஓர் எழுத்தைத் தெரிந்துவைத்திருந்தால், போன் வரும் நேரத்தைச் சரியாகக் கணக்கிடலாம்.

ஏன் கொல்கத்தா?

லினக்ஸ், ஆண்ட்ராய்டு போன்றவற்றில் இந்திய நேரத்தைத் தேர்வு செய்யும்போது 'ஏசியா/கொல்கத்தா' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். "நான் இருப்பது தமிழ்நாட்டில், இதைத் தேர்வு செய்யலாமா?" என்று பலருக்குச் சந்தேகம். தாராளமாகச் செய்யலாம்.

உலகில் எந்த ஊரில் எப்போது நேர விதி மாறியது என்பதைத் திரட்டி வைத்திருக்கும் பொதுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கியது. பால் எக்கர்ட் என்பவர் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறார். 2011 முதல் இது ஐயானா என்ற இண்டர்நெட் அமைப்பின் பொறுப்பில் வெளிவருகிறது. ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கும் பகுதியில் மக்கள்தொகை மிகுந்த நகரின் பெயரை மண்டலத்துக்கு வைப்பது இதில் உள்ள வழக்கம். நாடுகளின் பெயரும் எல்லையும் மாறலாம், நகரம் நிலைக்கும் என்பது எண்ணம். ஆனால் நகரங்களும் பெயரை மாற்றிக்கொள்கின்றன. கல்கத்தா 2001-ல் கொல்கத்தா ஆனது. தொகுப்பில் 2008-ல் மாறியது. பழைய பெயரைத் தேடுபவர்களுக்காக 'ஏசியா/கல்கத்தா'வும் இருக்கிறது. உங்கள் மென்பொருளில் அந்தப் பெயர் வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டும் ஒன்றே.

உண்மையில் இந்திய நேரம் கொல்கத்தாவின் நேரமும் அல்ல, சென்னையின் நேரமும் அல்ல. 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் சூரியன் உச்சிக்கு வரும் சராசரி நேரம் அது. அந்தக் கோடு அலகாபாத்துக்கு அருகே, மிர்சாபூர் பக்கம் செல்கிறது. 1906-க்கு முன் ரயில்களுக்கு மதராஸ் வானாய்வகத்தின் நேரம்தான் கணக்கு. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னே. தூத்துக்குடி இருப்பது ஏறத்தாழ 78 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், இங்கே சூரியன் தலைக்கு நேராக வருவது சராசரியாக 12 மணி 17 நிமிடத்துக்குத்தான். கடிகார 12 மணிக்கும் உச்சிப்பொழுதுக்கும் இடையே சராசரியாகக் கால் மணி வித்தியாசம் இருக்கிறது. நேர மண்டலம் என்பது இயற்கை தந்ததல்ல, எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட விதி என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம்.

பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம்

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் அடுத்த நாள் நேரம் சரியாக வருகிறதே, எப்படி? மதர்போர்டில் ஒரு தனிக் கடிகாரச் சிப் இருக்கிறது. பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களில், சட்டைப் பொத்தான் போன்ற 'சி.ஆர்.2032' பேட்டரி அதற்கு மின்சாரம் தருகிறது. இதைச் சில குறிப்புகளில் 'ஹார்டுவேர் கிளாக்' என்பார்கள், சிலவற்றில் 'ஆர்.டி.சி.', சிலவற்றில் 'சீமாஸ் கிளாக்', வேறு சிலவற்றில் 'பயாஸ் டைம்'. நான்கும் ஒன்றே. 'சிஸ்டம் கிளாக்' என்பது மட்டும் வேறு. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது விண்டோஸ், சிப்பில் உள்ள நேரத்தைப் படித்துக்கொண்டு, பிறகு தானே ஓட்டும் கடிகாரம் அது.

இங்கேயும் சொல் தெளிவின்மை ஒரு வலையை வைத்திருக்கிறது. விண்டோஸ் அந்தச் சிப்பில் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கும். லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் நிறுவியிருந்தால், லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வரும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னே போயிருக்கும். அதை விண்டோஸில் திருத்தினால் அடுத்த முறை லினக்ஸ் ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடும். பேட்டரியை மாற்றினாலும் தீராது. லினக்ஸ் நிறுவும்போது 'சிஸ்டம் கிளாக் யூசஸ் யு.டி.சி.' என்று ஒரு சின்னக் கட்டம் கேட்டது நினைவிருக்கிறதா? அது உங்கள் மண்டலத்தைக் கேட்கவில்லை; சிப்பில் எதை எழுதுவது என்று கேட்டது. அதிலும் பாருங்கள், சிப்பின் கடிகாரத்தைத்தான் அங்கே 'சிஸ்டம் கிளாக்' என்று எழுதிவிட்டார்கள்.

பிழையைப் பார்த்தே காரணம் சொல்லலாம்

கடிகாரம் எவ்வளவு தவறுகிறது என்பதை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் என்றால், எங்கோ உலகப் பொது நேரமும் இந்திய நேரமும் குழம்பியிருக்கின்றன. மண்டலத்தைப் பாருங்கள், லினக்ஸும் இருந்தால் மேலே சொன்ன காரணமாக இருக்கும்.

பதின்மூன்றரை அல்லது பன்னிரண்டரை மணி நேரம் பின்னே என்றால், 'பசிபிக் டைம்' தேர்வாகியிருக்கிறது. அமெரிக்காவின் கோடைக்கால மாற்றத்தால் இரண்டு எண்கள்.

அரை மணி வித்தியாசம் என்றால், பட்டியலில் பக்கத்து வரி தேர்வாகியிருக்கலாம். பாகிஸ்தான் கூட்டல் ஐந்து, வங்கதேசம் கூட்டல் ஆறு. கால் மணி வித்தியாசம் என்றால் நேபாளம். அது கூட்டல் ஐந்தே முக்கால்.

தேதியே பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது. இதை அலட்சியப்படுத்தாதீர்கள். பாதுகாப்பான வெப்சைட்டுகளின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் பழைய ஆண்டில் இருந்தால், "இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற பொருளில் எச்சரிக்கை வரும்; பேங்க் வெப்சைட் திறக்காது. இண்டர்நெட்டில் கோளாறு என்று நினைத்துப் பலர் அலைவது இந்தச் சிறிய பேட்டரிக்காகத்தான்.

1970 ஜனவரி 1, காலை 5.30 என்று ஒரு பைலோ இமெயிலோ காட்டினால், அங்கே தேதியே பதிவாகவில்லை என்று பொருள். யூனிக்ஸ் வழி வந்த மென்பொருள்கள் நேரத்தை, 1970 ஜனவரி 1 உலகப் பொது நேரம் பூஜ்யம் மணியிலிருந்து எத்தனை நொடி என்று எண்ணுகின்றன. எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் இந்தியாவில் அது காலை 5.30 ஆகத் தெரியும். இந்த எண்ணிக்கையைப் பழைய 32 பிட் முறையில் வைத்திருக்கும் மென்பொருள்களுக்கு, 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியுடன் இடம் தீர்ந்துவிடும். புதியவற்றில் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

சில நிமிடங்கள் மட்டும் முன்பின் என்றால், அது சிப்பின் இயல்பான தளர்வு. அதற்குத்தான் 'சிங்க்'.

'இண்டர்நெட் டைம்' என்றால் தனி நேரமா?

விண்டோஸ் எக்ஸ்பியில் கடிகாரத்தின் மீது டபுள் கிளிக் செய்தால் மூன்று டேப்கள் வரும்: 'டேட் அண்ட் டைம்', 'டைம் ஸோன்', 'இண்டர்நெட் டைம்'. மூன்றாவதைப் பார்த்து இண்டர்நெட்டுக்கு என்று தனியாக ஒரு நேரம் இருக்கிறதோ என்று நினைத்தவர்கள் உண்டு. அப்படி ஒன்றுமில்லை. நம்பகமான ஒரு சர்வரிடம் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபார்ப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980-களில் உருவாக்கிய என்.டி.பி. என்ற முறையில் இது நடக்கிறது. கேள்வி போய்ப் பதில் வர ஆகும் தாமதத்தையும் அது கழித்துக்கொள்ளும். எக்ஸ்பி வாரம் ஒருமுறை இப்படிச் சரிபார்த்தது.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. சர்வர் தருவது உலகப் பொது நேரத்தை மட்டுமே. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. மண்டலம் தவறாக இருந்தால், எத்தனை முறை 'சிங்க்' செய்தாலும் தவறான நேரம்தான் துல்லியமாக வரும்!

இந்திய நேரத்தைப் பராமரிப்பது புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட ஆணை, கம்பெனிகளும் டேட்டா சென்டர்களும் அரசு நிறுவனங்களும் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது இந்த ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு தங்கள் கடிகாரங்களை ஒத்துவைக்க வேண்டும் என்றது. ஒரு திருட்டு நடந்தால் எந்தக் கம்ப்யூட்டரில் எது முதலில் நடந்தது என்று கண்டுபிடிக்கக் கணம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா?

தமிழில் எழுதும்போது

மென்பொருள்களும் உதவிக் குறிப்புகளும் தமிழில் வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நேரத்தைச் சொல்லும் இடங்களில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

ஏ.எம்., பி.எம். என்பவற்றை முற்பகல், பிற்பகல் என்று மாற்றியதால் சில மென்பொருள்கள் இரவு 11 மணியைப் 'பிற்பகல் 11.00' என்று காட்டின. நம்மில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. விடியற்காலை 4, காலை 8, பகல் 12, மாலை 5, இரவு 11 என்று நாளைப் பல துண்டாகப் பிரிப்பது நம் வழக்கம். அதையே எழுதினால் போதும். இல்லையென்றால் ரயில்வே போல 24 மணிக் கணக்கு நல்லது.

'நள்ளிரவு 12 மணி' என்பது மிகவும் ஆபத்தான சொல். "விண்ணப்பிக்கக் கடைசி நாள் 31-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி" என்றால், 31 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? கம்ப்யூட்டருக்கு 31-ஆம் தேதி 00:00 என்பது தொடக்கம். '31-ஆம் தேதி இரவு 11.59 வரை' என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. அதே போல ரயில் டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:10 என்று இருந்தால், 14-ஆம் தேதி இரவே ஸ்டேஷனில் இருக்க வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களையும் நினைக்க வேண்டும். நாம் 'தேதி' என்பதை இலங்கையில் 'திகதி' என்பார்கள். நம் 'மணி நேரம்' அங்கே 'மணித்தியாலம்'. இதில் அவர்கள் சொல் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. '3 மணிக்கு' என்றால் கடிகாரம் காட்டும் நேரம். '3 மணித்தியாலம்' என்றால் கால அளவு. நாம் 'டவுன்லோட் முடிய 3 மணி' என்று எழுதினால் இரண்டில் எது என்று தெரியாது. '3 மணி நேரம்' என்று முழுதாக எழுதினால் தெளிவு.

பைல்களின் தேதிகளுக்கும் இதே கவனம் தேவை. 'டேட் கிரியேட்டட்' என்பதை 'உருவாக்கிய தேதி' என்று மட்டும் மொழிபெயர்த்தால், கேமராவிலிருந்து நேற்று காப்பி செய்த பழைய படம், எடுப்பதற்கு முன்பே திருத்தப்பட்டது போலத் தெரியும். 'கிரியேட்டட்' என்பது அந்தப் பைல் இந்த டிஸ்க்குக்கு வந்த தேதி. 'மாடிபைடு' என்பது உள்ளே இருப்பது கடைசியாக மாறிய தேதி. 'இந்த டிஸ்க்குக்கு வந்தது', 'கடைசியாகத் திருத்தியது' என்று எழுதினால் ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

இனி செய்ய வேண்டியது

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் இந்த வரிசையில் செய்திடுங்கள். டாஸ்க் பாரில் உள்ள கடிகாரத்தின் மீது ரைட் கிளிக் செய்து, தேதி, நேரத்தை மாற்றும் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்திடுங்கள்.

முதலில் 'டைம் ஸோன்' பகுதியில் 'யு.டி.சி.+05:30 சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி' என்று இருக்கிறதா என்று பார்த்திடுங்கள். கோடைக்கால மாற்றம் பற்றிய 'டேலைட் சேவிங்' கட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தியாவில் அது இல்லை.

இரண்டாவதாக, தேதியும் ஆண்டும் சரியா என்று பார்த்திடுங்கள். அவை தவறாக இருந்தால் முதலில் கையால் திருத்துங்கள். வித்தியாசம் மிக அதிகமானால் விண்டோஸ் தானாகச் சரிசெய்ய மறுத்துவிடும்.

மூன்றாவதாக, 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' என்பதை ஆன் செய்து, 'சிங்க் நவ்' பட்டனை அழுத்துங்கள். மறுநாளும் தேதி பின்னால் போனால் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

முதலில் மண்டலம், பிறகு தேதி, கடைசியில் மணி. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ நேரத்தை எழுதும்போது, எந்த ஊர் நேரம் என்ற ஒரு சொல்லையும் பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள். படிப்பவர் கடலுக்கு அப்பால் இருந்தாலும் அவருக்கு ஒரு நிமிடமும் தவறாது.